சரிவுத் தடத்தைப் பிடித்து மலையேறலாமா? ஜெராய் அடிவாரத்திலிருந்து கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலும் குரூணிலும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் எங்களுக்கு ஜெராய் மலைதான் வானிலை அறிக்கை. உச்சியில் மேகம் கவிந்தால் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவோம். மழை ஓய்ந்த காலையில் அந்த மலையின் பச்சை உடம்பில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போல வெளிறிய கோடுகள் சில தெரியும். அவை மண் சரிந்து போன தடங்கள். பாதையே இல்லாத காட்டுக்குள் புகுந்து, அந்தத் தடங்களில் ஒன்றைப் பிடித்து மேலே போய்விட வேண்டும் என்ற ஆசை எங்கள் பகுதி இளைஞர்களிடம் அண்மைக் காலமாக வளர்ந்திருக்கிறது. கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் உரிமம் பெற்ற வழிகாட்டி அல்லன். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் காடுகளில் நடந்து, போய்ச் சேர்ந்ததைவிடப் பாதியில் திரும்பியதே அதிகம் என்ற கணக்கை வைத்திருப்பவன்.

கேள்வி: சரிவுத் தடம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தொடர்ந்து பெய்த கனமழையில் மலைச்சரிவின் மண் ஊறி, தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல், மேலே நின்ற மரங்களையும் வாரிக்கொண்டு இறங்கிய பிறகு மலையில் மிஞ்சி நிற்கும் வடுவையே அப்படிச் சொல்கிறேன். அதற்குத் தலை, உடல், அடி என்று மூன்று பகுதிகள் உண்டு. தலை என்பது மண் பிய்ந்து போன இடம். வெட்டி எடுத்தது போன்ற செங்குத்து விளிம்பும், அதன்மேல் பாதி வேர் அந்தரத்தில் தொங்க நிற்கும் மரங்களுமாக இருக்கும். உடல் என்பது மண் சறுக்கி இறங்கிய வாய்க்கால். அங்கே பாறையோ களிமண்ணோ வெளியில் தெரியும். அடி என்பது கல்லும் கட்டையும் சேறும் விசிறி போலப் பரந்து குவிந்த இடம். ஏறுகிறவர் கீழிருந்து தொடங்குவதால், குழப்பமான பகுதியை முதலில் கடந்து, ஆபத்தான பகுதியைக் களைத்துப் போன கால்களோடு கடைசியில் எதிர்கொள்கிறார்.

கேள்வி: அமெரிக்காவில் இதையே வழியாகக் கொண்டு ஏறுகிறார்களே, காணொளியில் பார்த்தோம். இங்கே மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளைத்தான் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். 2011 ஆகஸ்ட்டில் ஐரீன் புயல் கொட்டிய மழையில் அங்கே பல புதிய சரிவுகள் உண்டாயின. அடர்ந்த ஸ்புரூஸ், ஃபர் மரக்காட்டுக்குள் முட்டி மோதி நுழைந்து, அந்தத் தடங்களின் அடியை அடைந்து, அங்கிருந்து வெறும் பாறையில் நடந்து உச்சிக்குப் போவது அங்கே பலரும் விரும்பும் மலையேற்றம். ஆனால் அந்த மலைகளைப் பனியாறுகள் ஒரு காலத்தில் சுரண்டித் துடைத்துவிட்டுப் போனதால், பாறைமேல் இருக்கும் மண் மிக மெல்லிய போர்வைதான். அந்தப் போர்வை ஒருமுறை நழுவிவிட்டால் அடியில் கிடைப்பது அகன்ற, கெட்டியான பாறைப் பலகை. அங்கே காடுதான் சோதனை; தடத்தை அடைந்துவிட்டால் நிம்மதி.

நம் தீபகற்ப மலேசியாவில் பனியாறு வந்ததில்லை. வெப்பமும் மழையும் நெடுங்காலமாகப் பாறையை உளுத்துப்போகச் செய்து வந்திருப்பதால், கருங்கல் மலைகளில் மண்ணின் ஆழம் பல மீட்டர் போகும். மேல் மண் சரிந்த பிறகும் அடியில் தெரிவது பாறையாக இல்லாமல், அடுத்த மழைக்குக் காத்திருக்கும் இன்னொரு மண் அடுக்காக இருக்கலாம். ஜெராயின் மேற்பகுதி குவார்ட்சைட் பாறை என்பதால் அங்கே மண் மெலிதுதான். ஆனால் அந்தப் பாறை வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து, கூர்முனைக் கட்டிகளாக உடையும் குணமுள்ளது; மேசை அளவுள்ள கல் ஒன்று, கையை வைத்ததும் ஆடுவதை நானே உணர்ந்திருக்கிறேன். ஆகவே அங்கே காட்டை விட்டுத் தடத்துக்கு வருவது கரையேறுவது போன்றது. இங்கே அது கரையை விட்டு இறங்குவது போன்றது.

கேள்வி: தூரத்திலிருந்து பார்த்தால் தடம் முழுவதும் இளம்பச்சையாக, புல்வெளி போலத் தெரிகிறது. நடப்பதற்கு எளிதாக இருக்காதா?

இந்த ஏமாற்றம் எனக்கும் நேர்ந்தது. புதிய தடம் சில ஆண்டுகள் செந்நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ வெறுமையாகக் கிடக்கும். பிறகு அதை மூடுவது புல் அன்று, மலாய்க்காரர்கள் ரெசாம் என்று சொல்லும் பெரணி. காய்ந்த தண்டைச் சீவி, மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்துக்குப் பேனா செய்வார்கள் என்றால் அந்தத் தண்டின் உறுதியை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு தண்டு மேலே போய் இரண்டாகக் கவைத்து, ஒவ்வொரு கவையும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, பக்கத்துத் தண்டோடு பின்னிக்கொண்டு, ஓராள் உயரத்துக்கும் மேலே வளரும். பழைய தண்டுகள் மக்காமல் அடியில் அடுக்கடுக்காகக் கிடக்க, புதியவை அவற்றின்மேல் ஏறும். காலை வைத்தால் தரை தட்டுப்படாது. கட்டில் கயிற்றின்மேல் நடப்பது போல மெத்தென்று அமுங்கும்.

ஒரு சனிக்கிழமை நான்கு பேராகச் சென்றபோது, அகலம் முப்பது மீட்டர்கூட இல்லாத ரெசாம் பரப்பைக் குறுக்கே கடந்துவிடலாம் என்று இறங்கினோம். ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் என் நண்பர் இடுப்பளவு உள்ளே போய்விட்டார். அவருடைய கால்கள் எதையும் தொடவில்லை. பெரணியை விலக்கிப் பார்த்தபோது, இரண்டு பாறைகளுக்கு இடையிலிருந்த பிளவின் மேல் அந்தப் பின்னல் கூரை போட்டது போல மூடியிருந்தது தெரிந்தது. கீழே நீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. தோளில் மாட்டியிருந்த பையின் வார் தண்டுகளில் சிக்கியதால்தான் அவர் நின்றார். அன்றிலிருந்து ரெசாமுக்குள் கால் வைக்கும் முன் கைத்தடியால் குத்திப் பார்ப்பதும், தடி முழுதும் இறங்கினால் திரும்பிவிடுவதும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

தடம் இன்னும் பழையதாகிவிட்டால் செந்தூடுக் புதரும் மகாங் மரங்களும் முளைத்திருக்கும். காற்றடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகத் திரும்பினால் அது மகாங் வகைகளில் ஒன்றாக இருக்கலாம். கைப்பிடிக்கு வாகாகத் தெரிந்தாலும் பிடிக்காதீர்கள். அதன் வேர் ஆழமில்லை, சில வகைகளின் குழல் தண்டுக்குள் எறும்புகள் குடியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் எந்த வழியாக மேலே போவது?

தடத்தின் இரு பக்கமும் இருக்கும் தோள்களில், அதாவது புடைத்து நிற்கும் முகடுகளில், ஒன்றின் வழியாக, மரம் நிற்கும் காட்டுக்குள்ளேயே ஏறுங்கள். தடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழிகாட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வற்புறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான். நூறு மீட்டருக்கு ஒருமுறை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, மறுபடி உள்ளே போய்விடலாம். பள்ளத்தைவிட முகட்டில் கீழ்க்காடு குறைவு, காற்று உண்டு, காட்டுப்பன்றிகள் போட்டு வைத்த ஒற்றையடித் தடங்களும் கிடைக்கும். தீபகற்பத்துக் குன்றுக் காடுகளில் செராயா மரங்கள் முகடுகளை விரும்பி வளர்வதால், அவற்றின் சாம்பல் கலந்த நீலத் தலைகள் வரிசையாகத் தெரியும் இடம் முகடு என்று தூரத்திலிருந்தே கணிப்பவர்களும் உண்டு.

மரங்களைப் பார்த்தபடியே ஏற வேண்டும். அடிமரம் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அந்த மண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், இலைச் சருகுக்கு அடியில் பிறை வடிவ வெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அந்தத் தோளை விட்டு மாறுங்கள். தலைப்பகுதியின் விளிம்பில் நின்று கீழே பார்த்துப் படம் எடுக்கும் ஆசையைக் கட்டாயம் அடக்கிக்கொள்ள வேண்டும். கீழே மண் இல்லாமல் வேர்கள் மட்டும் தாங்கி நிற்கும் திண்ணை அது.

உச்சிக்குப் போவது மட்டுமே நோக்கமானால், குரூண் பக்கமிருந்து தார்ச்சாலை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1,217 மீட்டர் உயரத்துக்கு அருகே காரிலேயே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இதைச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் பிடிக்கும்? வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான் காட்டுகிறது.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அது. அந்தக் கணக்குப்படி இரண்டு கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பாதை உள்ள இடத்துக்கே பொருந்தும் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். பிரம்பும் பெர்த்தாம் என்ற முட்பனையும் அடர்ந்த காட்டில் மணிக்கு 300 மீட்டர் நகர்ந்தால் நான் மகிழ்ச்சியடைவேன். ஒருமுறை 400 மீட்டருக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்திருக்கிறோம். ஆகவே விடியும் முன் தோட்ட எல்லையில் இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் பகல் ஒன்றரை மணிக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியே ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும் என்றாலும், அடர்காட்டுக்குள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கால் வைக்கும் இடம் தெரியாமல் போய்விடும்.

கேள்வி: அனுமதி வாங்க வேண்டுமா? சிறு வயதில் நாங்கள் விறகு பொறுக்கவே மலைக்குள் போனோமே.

வாங்க வேண்டும். அன்று போனது வேறு காலம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். மாவட்ட வன அலுவலகத்தில் எல்லாருடைய அடையாள அட்டை நகலையும், எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவீர்கள் என்ற விவரத்தையும் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பல மாநிலங்களில் பதிவு பெற்ற மாலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டி, உடன் வர வேண்டும் என்ற விதியும் இருப்பதால் அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாதையில்லாத வழி என்று எழுதினால் மறுக்கப்படவும் கூடும். மறுத்தால் மறுத்ததுதான்.

தோட்டத்து நிலம் தனி. பாட்டன் இரப்பர் பால்மரம் வெட்டிய தோட்டமாகவே இருந்தாலும் இன்று அது நிறுவனத்தின் நிலம்; செம்பனைக் குலை திருட்டுக்குப் பயந்து வாசலில் காவல் வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் பையும் வெட்டுக்கத்தியுமாக நான்கு பேர் நடந்து வந்தால் காவலாளி என்ன நினைப்பார்? முதல் நாளே அலுவலகத்தில் சொல்லி, வண்டி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவது மரியாதை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? ஏறும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. சனவரி, பிப்ரவரியில் மண் இறுகியிருக்கும். ஆண்டின் பிற்பகுதியில், குறிப்பாகச் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, பிற்பகல் இடிமழை வாடிக்கை. ஆனால் மாதத்தைவிடக் கடந்த மூன்று நாள் மழையே முக்கியம். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால், புறப்படும் காலையில் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் நான் சரிவுத் தடத்தின் பக்கம் போவதில்லை.

2021 ஆகஸ்ட் 18-ஐ எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஜெராயின் மேற்கே யான் பக்கத்தில், பெருமழையில் மேலே மண் சரிந்து ஆறுகளில் இறங்கி, தீத்தி ஹாயுன் பகுதி வழியாகச் சேறும் பாறையும் முழு மரங்களும் புரண்டு வந்தன. ஆறு பேர் உயிரிழந்தார்கள். 1996 ஆகஸ்ட் 29-இல் பேராக் மாநிலத்தின் கம்பார் அருகே போஸ் டிப்பாங் என்ற ஓராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமத்தை இதே போன்ற சேற்று வெள்ளம் அடித்துச் சென்றது. அங்கே இழந்தது 44 உயிர். இவை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சரிந்த மண்ணும் மரமும் குறுகிய ஓடையில் அடைத்துக்கொண்டு தற்காலிக அணையாக நிற்கும், பின்னால் நீர் ஏறும், அணை ஒரேயடியாக உடையும். மலாயில் கெப்பாலா ஆயிர், அதாவது நீரின் தலை, என்று சொல்வது இப்படி வரும் முதல் அலையை.

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து அது வரலாம். தெளிந்த ஓடை திடீரென்று கலங்குதல், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருதல், நீர்மட்டம் சட்டென்று ஏறுதல், லாரி வருவது போன்ற இரைச்சல் ஆகியவை அறிகுறிகள். நீர் சட்டென்று குறைந்தாலும் அஞ்ச வேண்டும். மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள். பையைப் பற்றி யோசிக்காமல் பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். ஓடையின் வழியே கீழ்நோக்கி ஓடினால் அதன் பாதையிலேயே ஓடுவதாகும். தடத்தில் இருக்கும்போது முதல் துளி விழுந்தாலே பக்கத்துத் தோளுக்கு மாறிவிட வேண்டும். மழை விடட்டும் என்று பாறையடியில் ஒதுங்கி நிற்கக் கூடாது.

கேள்வி: வெட்டுக்கத்தி எடுத்துப் போகலாம்தானே? தோட்டத்து ஆட்களுக்கு அது கை வந்த கலை.

கை வந்த கலை என்பதாலேயே நம்மவர்கள் அளவுக்கு மீறி வெட்டுகிறார்கள். நுழைவு அனுமதி என்பது காட்டை வெட்டுவதற்கான உரிமம் அன்று. மரத்தையோ பிரம்பையோ எடுத்துவருவது தனிக் குற்றம். அதோடு, சாய்வாக வெட்டிய ஒவ்வொரு தண்டும் முழங்கால் உயரத்தில் ஈட்டி முனையாக நிற்கும். இறங்கும்போது சறுக்கி விழுகிறவர் அதன்மேல்தான் விழுவார். வளைக்க முடிந்ததை வளையுங்கள், குனிந்து போக முடிந்தால் குனியுங்கள், வெட்டியே ஆக வேண்டுமென்றால் தரையோடு நேராக வெட்டுங்கள். முன்னால் போகிறவரின் கையில் மட்டும் கத்தி இருக்கட்டும், அடுத்தவர் மூன்று மீட்டர் தள்ளியே வரட்டும். ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் கத்தி உறைக்குள் போய்விட வேண்டும்.

கேள்வி: என்ன காலணி?

ஆயிரம் ரிங்கிட் காலணியோடு வந்தவர் வழுக்கி விழுந்ததையும், கறுப்பு இரப்பரில் குமிழ் வைத்து வார்த்த, எல்லாரும் கேலியாக அடிடாஸ் கம்போங் என்று அழைக்கும் மலிவுக் காலணியோடு பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் ஆடு போல ஏறியதையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். சேற்றிலும் வேரிலும் அது நன்றாகப் பிடிக்கும், நீர் தேங்காது. கணுக்காலைக் காக்காது என்பது குறை. நீளக் கைச்சட்டை, தடித்த முழுக்கால்சட்டை, உள்ளங்கையில் இரப்பர் பூசிய கையுறை, கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போதும். கண்ணாடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்னால் போகிறவர் விடுவித்த கிளை பின்னால் வருகிறவரின் கண்ணைத்தான் தேடி வரும்.

கேள்வி: முள்ளும் அரிப்பும் பற்றிச் சொல்லுங்கள்.

பிரம்பு சட்டையைப் பிடித்தால் முன்னோக்கி இழுக்காதீர்கள். அதன் சாட்டையில் இருக்கும் கொக்கிகள் எல்லாம் பின்னோக்கி வளைந்தவை. இழுக்க இழுக்க ஆழமாக ஏறும். ஓரடி பின்னால் வந்தால் தானாகவே விடும். இந்த ஓரடியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு சட்டைகள் செலவாயின. ஜெலாத்தாங் என்ற செடியின் இலை பட்டால் தீப்பட்டது போல எரியும், குளிக்கும்போது மறுபடி எரியும். ரெங்காஸ் மரத்தின் பால் கறுப்பாக உறையும். பட்டையில் கறுப்புக் கறை வழிந்த மரத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது, தோல் கொப்பளித்து நாள் கணக்கில் ஆறாது.

கேள்வி: அட்டை, குளவி, பாம்பு?

அட்டை ஒரு தொல்லை, ஆபத்தன்று. நகத்தால் ஓரத்தைத் தள்ளினால் விட்டுவிடும். குளவிக்கே நான் மிகவும் அஞ்சுகிறேன். புதரை அடிக்கும்போது கூடு கலைந்தால் கையை வீசாமல், கத்தாமல், முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே வேகமாக விலக வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் மருந்தில்லாமல் வரக் கூடாது. பாம்புகளில், இலைச் சருகோடு நிறம் கலந்து அசையாமல் கிடக்கும் கபாக் போடோ என்ற குழிவிரியன் வடமாநிலத் தோட்டங்களுக்கும் பழக்கப்பட்டதுதான்; காலடி ஓசை கேட்டும் அது நகராது. கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, 999-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் ஜிபிஎஸ் இருக்கிறதே, வழி எப்படித் தவறும்?

தழைக் கூரைக்கு அடியில், அதுவும் பள்ளத்துக்குள், அந்தப் புள்ளி இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். பாதையில் அது பொருட்டன்று. தோளுக்கும் தடத்துக்கும் இடையே முப்பது மீட்டர் என்பது எல்லாமே. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, ஏறிய வழியைப் பதிவு செய்துகொண்டே போங்கள். இரண்டு கைப்பேசிகளில் செய்யுங்கள். ஒரு காந்த ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கூட்டல் கழித்தல் தேவையில்லை. வண்ண நாடாவைக் கிளையில் கட்டிச் செல்லலாம், ஆனால் திரும்பும்போது அவிழ்த்துவிட வேண்டும்; மற்றவர்கள் அதைப் பாதை என்று நம்பிப் பின்தொடர்வார்கள்.

தவறிவிட்டோம் என்று தோன்றினால் நின்றுவிடுங்கள். ஆற்றைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்பது நம் பெரியவர்கள் சொன்னது. சமவெளியில் அது சரி. ஜெராயைச் சுற்றிலும் துப்பா, தீத்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி என்று அருவிகள் இருப்பதே, ஆற்றின் வழியே இறங்குகிறவர் எங்கே போய் நிற்பார் என்பதைச் சொல்லிவிடுகிறது. பதிவான தடத்தில் திரும்பி, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் தழை விலகிய மேட்டில் இருந்துகொண்டு ஊதலை மும்மூன்றாக ஊதுங்கள்.

கேள்வி: காட்டு எல்லையில் முனீஸ்வரருக்குச் சுருட்டு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார் என் மாமனார். நீங்கள்?

வைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் கடைசி வரிசைச் செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவே சூலம் நட்ட கல் ஒன்று உண்டு. அங்கே எலுமிச்சம்பழம் வைத்து நிற்கும் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் வாய்மூடி இருப்பார்கள்; யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் இரவு தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கல்லருகே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். மழையில் நனைந்ததுதான் காரணமா?

அப்படி எண்ணிப் பாராசிட்டமோல் விழுங்கிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், கலங்கிய நீரும் சேறும் பட்ட கீறல் வழியாக நுழையும்; கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வரலாம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அது பெரும்பாலும் அக்குளிலும் இடுப்பு வாரடியிலும் மறைந்திருக்கும். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியாவும் நம் நாட்டில் உண்டு. அதன் கிருமி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் தாமதம் கூடாது. மூன்றுக்கும் மருந்து உண்டு. மருத்துவர் கேட்காவிட்டாலும், இன்ன தேதியில் காட்டுக்குள் போனேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இறங்குவது எளிதுதானே?

ஏறும்போது கை வைத்த இடத்தைக் கண் பார்க்கிறது. இறங்கும்போது கால் வைக்கும் இடம் வயிற்றுக்கும் பைக்கும் கீழே மறைந்திருக்கிறது. முகடு கீழ்நோக்கிப் போகும்போது இரண்டாக, நான்காகப் பிரியும். ஏறும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். செங்குத்தான இடத்தில் ஒருவர் நகரும்போது மற்றவர்கள் பக்கவாட்டில் நிற்கட்டும், நேர் கீழே யாரும் வேண்டாம். ஒரு கல் உருண்டால், யார் உருட்டியது என்று பார்ப்பதற்கு முன் "கல்லு!" என்று கத்துங்கள்.

கேள்வி: என் மகன் அடுத்த வாரம் போகிறேன் என்கிறான். வயது இருபத்திரண்டு, தடுத்தால் கேட்க மாட்டான். நான் என்ன செய்யட்டும், தம்பி?

அக்கா, தடுக்க வேண்டாம், ஒரு தாளைக் கொடுங்கள். நான்கு பேருக்குக் குறையாமல் போகிறார்களா, அவர்கள் பெயரும் எண்ணும் என்ன, வண்டியை எங்கே நிறுத்துவார்கள், எந்தத் தோள் வழியாக ஏறுவார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்து அழைப்பான் என்று அவன் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத முடியவில்லை என்றால் அவன் இன்னும் திட்டமே போடவில்லை என்று தெரிந்துவிடும். அனுமதிக் கடிதத்தின் நகலையும் அந்தத் தாளோடு வையுங்கள். அவன் எழுதிய நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் பொறுங்கள். அழைப்பு வராவிட்டால் பக்கத்து வீட்டாரைக் கலந்துகொண்டு இருக்காமல் 999-ஐ அழைத்து, தாளில் இருப்பதை வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். தீயணைப்பு மீட்புப் படையினர் முதலில் கேட்பது வண்டி நிற்கும் இடத்தைத்தான்.

பையில் அவனுக்குத் தெரியாமல் ஒரு தலைவிளக்கும் இரண்டு உருண்டை புளிச்சோறும் வைத்துவிடுங்கள். பகலில் திரும்பிவிடுவோம் என்று விளக்கை எடுக்காமல் போவதுதான் அந்த வயதின் வழக்கம்.